செருப்பு போகும் தூரம்

என் அண்ணன் ஜுல்ஃபிகர் காக்கா அந்தக் கருவியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக் கூடத்தில் வைத்தபோது, காலொடிந்த நாரை ஒன்று தரையில் கிடப்பதுபோல இருந்தது. நீளமான குழாய். ஒரு முனையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம், மறுமுனையில் கைப்பிடியும் ஒரு சின்னப் பெட்டியும். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் ஊளையிடும் என்றார். ஜப்பானில் ஒரு துறைமுகத்துப் பழைய சாமான் கடையில் வாங்கியது. இரண்டு வருடமாக, தாமுவே என்னும் பர்மியப் பேட்டையில் எங்கள் வீட்டில் தூசி குடித்துக்கொண்டு கிடந்தது.

"இதை எதுக்கு வாங்குனீங்க காக்கா?"

"கப்பக்காரன் எதுக்கு வாங்குவான்? வெல கொறச்சலா இருந்துச்சு, வாங்குனேன். இப்ப ஒதவுதுல்ல?"

பாட்டரி போட்டு முடுக்கியதும் அது உண்மையிலேயே ஊளையிட்டது. முதலில் உம்மாவின் பாக்குவெட்டிக்கு. பிறகு தையல் மெஷினுக்கு. பிறகு, பாயின் கீழே யாருக்கும் தெரியாமல் போயிருந்த என் கொண்டை ஊசிக்கு. உம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்றபடி, காக்காவின் வலது மேல்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கறுப்புக் கயிறு கட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

ஜுல்ஃபிகர் காக்கா பிறந்ததிலிருந்து அந்தக் கையில் ஒரு வெள்ளித் தாயத்து இருந்தது. சுண்டுவிரலின் பாதி நீளம், ஒரு பக்கம் திருகு மூடி. எனக்கும் காக்காவுக்கும் முன்னால் உம்மாவுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. தங்கிய முதல் பிள்ளைக்குக் கட்டியது அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் பந்து விளையாடிவிட்டு வந்தவரின் கையில் கயிறும் இல்லை, தாயத்தும் இல்லை. அன்று இருட்டும்வரை தேடினார். மழைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. புல் கணுக்கால் வரை வளர்ந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமை அவர் சிங்கப்பூருக்கு விமானம் ஏற வேண்டும். அங்கிருந்து கப்பல். எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த கப்பல். அன்று போகாவிட்டால் வரிசையில் அடுத்த ஆள் ஏறிவிடுவான்.

"தாயத்து இல்லாம நீ இந்த வாசப்படியத் தாண்ட மாட்டே," என்று உம்மா சொல்லிவிட்டார். "கப்பல் போனா போவுது."

காக்கா மறுத்துப் பேசியிருக்கலாம். ஆனால் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அவர் இடது கை வலது மேல்கையைப் போய்த் தடவியது. அவருக்கும் அந்தக் கை லேசாக இருப்பது பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

"காலையில வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி போறேன்," என்றார். "ஆள் நடமாட்டம் இருக்காது. தடவுறேன், ஊளையிடுற எடத்துல தோண்டுறேன், எடுத்துக்கிட்டு வந்துடுறேன்."

"அது யாரோட மண்ணு?" என்று கேட்டேன்.

"என்ன?"

"மைதானம். யாரோடது? தோண்டலாமா? எவ்வளவு ஆழம் தோண்டலாம்? வேற ஏதாச்சும் கெடச்சா யாருக்குச் சொந்தம்?"

"உம்மா, உங்க மவ நாவலு மறுபடி ஆரம்பிச்சுட்டா," என்றார் காக்கா.

'நாவலு' என்பது எனக்கு அவர் வைத்த பெயர். இளையான்குடி மாமா, அங்கிருந்து யாராவது வரும்போதெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்களாகக் கொடுத்தனுப்புவார். பனியையே பார்த்திராத நான் பனியில் நடக்கிறவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அந்தப் புத்தகங்களில் புதையல் தேடுகிறவர்கள் படகிலிருந்து குதித்ததும் மண்வெட்டியை எடுத்துவிடுவார்கள். தீவு யாருடையது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் எனக்குக் கதை கொஞ்சம் தடுக்கும். தீவில் யாராவது இருந்திருப்பார்களே, அவர்களிடம் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று பக்கத்தைத் திருப்பாமல் யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் இப்போது நான் பயந்தது நிஜமாக. போன வருடம் நகரத்தில் குண்டுகள் வெடித்ததிலிருந்து பெரிய கடை வாசல்களில் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். விடியாத நேரத்தில் கருவியோடு பிடிபட்டால் தாயத்தோடு காக்காவின் கப்பல் பாஸ்போர்ட்டும் போய்விடும்.

"ஒரு நாள் குடுங்க," என்றேன். "நாளைக்கு நான் கேட்டுட்டு வர்றேன்."

"கேட்டா 'கூடாது'ன்னுதான் சொல்லுவான். கேக்காட்டி ஒருத்தனுக்கும் தெரியாது."

"கூடாதுன்னு சொன்னா நீங்க உங்க இஷ்டப்படி செய்யுங்க."

செவ்வாய்க்கிழமை முழுவதையும் எனக்குக் கொடுத்தார்.

முதலில் எங்கள் பேட்டை நிர்வாகத்தைப் பார்க்கும் யயக ஆபீசுக்குப் போனேன். தலைவர் ஊ தாங் ஷ்வே பனியனும் லுங்கியுமாக உட்கார்ந்து வானொலியின் முதுகைத் திறந்து வைத்திருந்தார். நான் பர்மியத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கடை வாசல்ல பை மேல தடவுறாங்களே, அந்தக் கம்பியா?"

"அந்தக் கம்பிக்குப் பெரியப்பா," என்றேன்.

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "இந்தா பாரு மா சாயிமா. விடியாத நேரத்துல ஒருத்தன் மைதானத்துல கம்பியோட குனிஞ்சு நடந்தா எனக்கு என்ன தோணும்? எதையோ தேடுறான்னு தோணாது. எதையோ வெச்சுட்டான்னுதான் தோணும்."

"அதனாலதான் கேக்க வந்தேன்."

"கேட்டது நல்லது." வானொலியின் உள்ளே ஊதினார். "பகல்ல, ஆளுங்க பாக்குறபோது தேடட்டும். நான் ஒண்ணும் சொல்லல. புல்லுக்கு மேல நடக்கிறதுதான் என் பொறுப்பு. பந்து, கல்யாணப் பந்தல், சண்டை, எல்லாம். ஆனா புல்லு என்னுது இல்ல. அது பூங்கா ஆபீசு. புல்லுக்குக் கீழ பழசா ஏதாவது வந்தா அது அவங்களுதும் இல்ல. கியாக்டடாவுல ஒரு ஆபீசு இருக்கு, பழம்பொருளெல்லாம் அவங்களுது."

ஒரே மைதானம் இட்லித் தட்டுபோல அடுக்கடுக்காகப் பிரிந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. எந்த அடுக்கில் என் காக்காவின் தாயத்து கிடக்கிறது?

பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கியாக்டடா போனேன். சூலே பாயா என்ற புத்தர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி அந்தக் கட்டடம். உயரமான தூண்கள், அரசமரக் கன்று முளைத்த சுவர். மாடிப்படி ஏறினால் பெரிய கூடம் காலியாக இருந்தது. மேசைகள் நின்ற இடத்தில் மட்டும் தரை வெளுப்பாக, சதுரம் சதுரமாக. காக்காவின் கை ஞாபகம் வந்தது. ஒரு காவலாளி ஜன்னலோரம் படுத்திருந்தார்.

"எல்லாரும் பியின்மனா போயாச்சு," என்றார். "தலைநகரே போயிடுச்சு, உனக்குத் தெரியாதா? மேசை போயிடுச்சு, நாற்காலி போயிடுச்சு. நான் மட்டும் இருக்கேன்."

"மண்ணுக்குள்ள பழைய பொருள் கெடச்சா யாருகிட்ட சொல்லணும்?"

"பியின்மனாவுல சொல்லணும்." கொஞ்சம் யோசித்து, "பொருள் கெடச்சுதா?" என்று எழுந்து உட்கார்ந்தார்.

"இல்ல. கெடச்சா."

"கெடைக்காததுக்கா இவ்வளவு தூரம் வந்தே?" என்று மறுபடி படுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் கண்டோஜி ஏரிப் பக்கம் இறங்கிப் பூங்கா ஆபீசைத் தேடிப் பிடித்தேன். அங்கே டோ மீமீ என்ற பெண் அதிகாரி சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் மேசையில் தொலி ஒரு குவியல் சேர்ந்துவிட்டது.

"தேடலாம், தப்பில்ல. தோண்டறதுதான் கூடாது," என்றார். "கருவி கத்துச்சுன்னா அந்த எடத்துல ஒரு குச்சி நட்டுட்டு வந்து சொல்லு. எங்க ஆள் வந்து புல்லைப் பாய் மாதிரிச் சுருட்டி எடுத்து, தோண்டிப் பாத்து, திரும்ப விரிச்சுடுவான். எந்த எடம், வரைஞ்சு காட்டு."

ஒரு காகிதத்தில் வரைந்தேன். மேற்கே சாலை. வடக்கே தேநீர்க் கடை. கிழக்கே போங்ஜிகளின், அதாவது புத்த பிக்குகளின், மடத்துப் புளியமரங்கள். நடுவில் மைதானம், இரண்டு பக்கமும் கோல்.

"உங்க அண்ணன் எங்க நின்னு விளையாடினார்?"

"கோல் காத்தார். கிழக்குப் பக்கம்."

டோ மீமீ விதையை வாயில் போடாமல் என்னைப் பார்த்தார். "அந்தப் பக்கம் முழுக்க எங்களுது இல்லையே. மடத்துச் சுவர் பின்னாலதான் இருக்கு, ஆனா அவங்க நிலம் சுவருக்கு வெளியிலயும் கொஞ்சம் வருது. செருப்பு போற தூரம் வரைக்கும்தான் எங்களுது."

"அது எங்க முடியுதுன்னு எப்படித் தெரியும்?"

"உங்க பேட்டைக்காரங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்?"

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த வாசகத்தையே மெல்லிக்கொண்டு வந்தேன். செருப்பு போகும் தூரம். தாமுவே சந்தையில் இறங்கும்போதுதான் பளிச்சென்று விளங்கியது. எங்கள் பையன்கள் மேற்குக் கோலுக்குச் செருப்புகளைத்தான் கம்பமாக வைப்பார்கள். கிழக்குக் கோலுக்கு இரண்டு செங்கல். நான் சிறுமியாக இருந்து பார்த்த நாள் முதல் அப்படித்தான். ஆள் மாறினாலும் ஆட்டம் மாறினாலும் செருப்பு மேற்கிலேயே கிடக்கும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மடத்து நிலத்தில் செருப்போடு நடக்கக்கூடாது என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் வெறுங்காலோடு விளையாடுகிறவர்களுக்கு எங்கே கோடு என்று கால் சொல்லவே இல்லை. முதலில் செங்கல் வைத்த யாரோ ஒருவருக்கு அது தெரிந்திருந்தது.

வீட்டில் காக்கா கருவிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்.

"என்ன நாவலு, கூடாதுன்னுட்டாங்களா?"

"தாயத்து விழுந்தது மடத்து நிலத்துல, காக்கா. போங்ஜிகிட்ட கேக்கணும்."

"நம்ம தாயத்துக்கு அவங்ககிட்ட என்னத்தப் போய்க் கேக்குறது?" என்றார் உம்மா உள்ளிருந்து. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் மூன்று பேருக்குமே அந்த வாசலில் போய்க் கேட்கத் தோன்றாததற்கு இதுதான் காரணம்.

காக்கா கருவியை ஒரு கோணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டார். இருவரும் மடத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். உள்பக்கம் மாட்டியிருந்த கரும்பலகையில் பர்மியத்தில் எழுதியிருந்தது: பொருள் ஒன்று கிடைத்திருக்கிறது, உரியவர் வரவும். பலகை உள்ளே பார்த்து இருந்தது. மைதானத்துக்காரர்கள் இந்த வாசலுக்கு வருவதே இல்லை.

முன்மண்டபத்தில் இருந்த போங்ஜிக்கு முப்பது வயதுதான் இருக்கும். கண்ணாடிக் கம்பியை நூலால் கட்டியிருந்தார். நாங்கள் தள்ளி மண்டியிட்டு உட்கார்ந்தோம்.

"ஊசின், பலகையில எழுதியிருக்கிறது வெள்ளியில் ஒரு சின்னக் குழாயா?" என்று காக்கா, பிக்குகளைக் கூப்பிடும் மரியாதைப் பேரோடு ஆரம்பித்துக் கேட்டார்.

"இருக்கலாம். உங்களுடையதுன்னா அடையாளம் சொல்லுங்க."

காக்கா நீளம் சொன்னார். கறுப்புக் கயிறு என்றார். மூடியில் ஒரு நசுங்கல் என்றார். போங்ஜி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "கயிறு அறுந்து, மூடி கழன்று கிடந்தது. காலையில் நடந்தபோது காலில் குத்துச்சு. பேர் எழுதியிருக்குமோன்னு உள்ளே பார்த்தேன். உள்ளே என்ன?"

"எங்க வேத வசனம். காகிதத்துல எழுதினது."

போங்ஜியின் முகம் மாறியது. வருத்தமாகத்தான் சொன்னார்: "அப்படின்னா இது வேற யாருடையதோ."

காக்கா கோணிப்பையைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டார். "அப்ப நம்மளுது இன்னும் புல்லுலதான் கெடக்கு, வா." எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அதே நசுங்கலோடு இரண்டு தாயத்து ஒரே கோலில் விழுமா? கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"உம்மா, தாயத்துக்குள்ள என்ன இருக்கு?"

உம்மா அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை வைத்தார். துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "நட," என்றார்.

அதுவரை உம்மா அந்த வாசலைத் தாண்டியதில்லை. செருப்பை என் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார். மண்டபத்தில் காக்காவைப் பார்த்ததும், "நீ அந்தப் பக்கம் போ," என்றார்.

"நான் எதுக்குப் போவணும்? தாயத்து என்னுது."

உம்மா கொஞ்ச நேரம் போங்ஜியின் காவியையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பர்மியத்தில், மெதுவாகச் சொன்னார். "இவனோட தொப்புள்கொடி. காஞ்சது. ரெண்டு பிள்ளை தங்கல. இவனாவது தங்கணும்னு எங்க ஊருப் பழக்கத்துல வெச்சேன். பள்ளிவாசல்ல ஏசுவாங்கன்னு, இவன் வாப்பாகிட்டகூட வசனம்னுதான் சொன்னேன்."

போங்ஜி எழுந்து உள்ளே போனார்.

காக்கா உம்மாவையே பார்த்தார். "இருவத்தெட்டு வருஷமா நான் என் தொப்புளையா கையில கட்டிக்கிட்டுக் கடல் கடலா சுத்துனேன்?"

"உன்னுதுதானே கட்டுனே. அடுத்தவன் தொப்புளையா கட்டுனே?" என்றார் உம்மா.

போங்ஜி திரும்பி வந்தபோது நான் சிரிப்பை அடக்கத் துப்பட்டியைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வெற்றிலைச் செல்லத்தை எங்கள் முன்னால் வைத்துத் திறந்தார். தாயத்து பஞ்சில் கிடந்தது, மூடி திருகப்பட்டு. உம்மா எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். பிறகு காக்காவின் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"ஊசின், நாங்க வராட்டி?" என்று கேட்டேன்.

"இருந்திருக்கும். எங்க எல்லைக்குள்ளே யாராவது தவறவிட்டா, உரியவர் வருவார்னு எடுத்து வைக்கணும். அது எங்களுக்கு விதி. செங்கல்லுக்கு அந்தப் பக்கம் கிடந்திருந்தா என்னுடையதல்லாததைத் தொடக்கூடாதுன்னு தாண்டிப் போயிருப்பேன்." அவர் கண் கோணிப்பையின் மேல் இருந்தது. "அதுக்குள்ளே என்ன?"

காக்கா பையைப் பிரித்தார். போங்ஜி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்தார். எப்படிக் கத்தும், ஏன் கத்தும், மழைநீர் பட்டால் என்ன ஆகும் என்று என்னைவிட அதிகமாகக் கேள்வி கேட்டார். கடைசியில் நால்வரும் மைதானத்துக்கு வந்துவிட்டோம். வெயில் புளியமரத்து உச்சியில் நின்றது. பந்து விளையாடுகிறவர்கள் இன்னும் வந்திருக்கவில்லை.

காக்கா முடுக்கிக் கொடுக்க, போங்ஜி இரண்டு கையாலும் பிடித்து, தரையைத் தொடாமல், தன் கோட்டுக்குள்ளேயே மெல்லத் தடவிக்கொண்டு நடந்தார். இடதுபக்கச் செங்கல்லுக்கு அருகில் வந்ததும் கருவி ஊளையிட்டது. கொண்டை ஊசிக்குக் கத்திய சின்ன ஊளை இல்லை. பாக்குவெட்டியைவிடவும் பெரியது. விலக்கினார்; அடங்கியது. திரும்பக் கொண்டுவந்தார், மறுபடி ஊளையிட்டது.

நாங்கள் நால்வரும் அந்தப் புல்லைப் பார்த்தபடி நின்றோம்.

"ஜப்பான்காரன் போட்டுட்டுப் போன குண்டு," என்றார் காக்கா.

"வாயக் கழுவு. செப்புப் பானையா இருக்கும்," என்றார் உம்மா. "ஊசின், நீங்க தோண்டிப் பாருங்களேன்."

"நான் மண்ணைத் தோண்டக்கூடாது. அதுவும் விதி."

"அப்ப நீங்க சொல்லுங்க, இவன் தோண்டுவான்."

"தோண்டச் சொல்றதும் கூடாது," என்றார் போங்ஜி. அவர் குரலில் என் குரலில் இருந்த அதே ஆசை இருந்தது.

"அரைமுழம் தள்ளியிருந்தா பூங்காக்காரங்க ஆள் அனுப்புவாங்க," என்றேன். "பழைய பொருளா இருந்தா பியின்மனா."

போங்ஜி கருவியைக் காக்காவிடம் கொடுத்துவிட்டு, செங்கல்லைக் காலால் நகர்த்தி ஊளையிட்ட இடத்தின் மேலேயே வைத்தார். கோல் கொஞ்சம் குறுகியது. உம்மா அதைப் பார்த்துவிட்டு, "இனிமே கோல் விழாது," என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து காக்கா விமானம் ஏறினார். புதுக் கயிற்றை உம்மா இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார். கருவி பழையபடி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

ஒரு வாரம் கழித்துச் சந்தை முனைத் தொலைபேசிக் கடைக்குச் சிங்கப்பூரிலிருந்து அழைப்பு வந்தது. இரைச்சலுக்கு நடுவே காக்கா உம்மாவை விசாரித்தார். கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதாகச் சொன்னார். பிறகு,

"அந்த எடத்துல தோண்டுனாங்களா?" என்றார்.

"இல்ல. செங்கல் அங்கேயேதான் இருக்கு. நேத்துகூடப் போய்ப் பாத்தேன். ஊசினும் அங்க நின்னுக்கிட்டிருந்தார்."

"உன் நாவல்ல இந்த மாதிரி வந்தா என்ன செய்வாங்க?"

"முதல் அத்தியாயத்துலயே தோண்டிடுவாங்க."

"நீ?"

"நான் பியின்மனாவுக்குக் கடுதாசி போட்டிருக்கேன், காக்கா."

மறுமுனையில் அவர் சிரிப்பது கேட்டது. பிறகு, இரைச்சலைத் தாண்டி, "பதில் வந்தா எந்தத் துறைமுகத்துல இருந்தாலும் எனக்குச் சொல்லணும்," என்றார்.